ஏலக்காய் விற்ற பணம் இரண்டு லட்சம்: பங்குச் சந்தையில் இறங்கலாமா?

போடிமெட்டுக் காற்று | ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். போடிநாயக்கனூரில் ஏலக்காய் தரம் பிரிக்கும் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். வயது 27. மலைக்கு மேலே, பூப்பாறைப் பக்கத்தில் அப்பாவுக்கு ஒன்றே முக்கால் ஏக்கர் ஏலத்தோட்டம் இருக்கிறது. இந்த முறை காய் விற்று, ஆள் கூலி, ஜீப் வாடகை, உரக்கடைப் பாக்கி எல்லாம் போக இரண்டு லட்சம் ரூபாய் நின்றது. வழக்கமாக அது சீட்டுக்கோ அம்மாவின் கழுத்துக்கோ போய்விடும். இந்தத் தடவை பங்கு வாங்கலாம் என்றேன். அன்று இரவு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. "கண்ணால் பார்க்காத சரக்கை வாங்குகிறவன் வியாபாரியே இல்லை" என்கிறார் அப்பா.

டீமேட் கணக்கு என்றால் என்ன, அதற்கும் வங்கிக் கணக்குக்கும் என்ன உறவு? தரகர் கடையை மூடிவிட்டுப் போனால் என் பங்கு என்ன ஆகும்? பன்னிரண்டு ரூபாய்ப் பங்கு ஆயிரம் வாங்குவது நல்லதா, ஆயிரத்து இருநூறு ரூபாய்ப் பங்கு பத்து வாங்குவது நல்லதா? வரி எவ்வளவு? எல்லாவற்றுக்கும் மேலாக, இது சூதாட்டமா இல்லையா? அசட்டுக் கேள்விகளாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குமுளி ஜீப் | ஞாயிறு, இரவு 10.05

தம்பி, இரண்டு லட்சத்தையும் தோட்டத்திலேயே போடு. ஒரு படுதாக்குளம் வெட்டு. கோடையில் அந்தத் தண்ணீர் கொடுக்கும் வட்டியை எந்தப் பங்கும் கொடுக்காது. என் பதில் இவ்வளவுதான்.

கம்பம் திராட்சை | திங்கள், காலை 6.10

ஜீப்காரர் சொல்லும் குளத்தை நான் மறுக்கவில்லை. ஆனாலும் கேட்டதற்குப் பதில் வேண்டுமல்லவா?

தம்பி, நான் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். 1993இல் முதல் பங்கை வாங்கியபோது உன் கேள்விகளில் பாதியைக்கூடக் கேட்கத் தெரியாமல் வாங்கினேன். அப்போது பங்கு என்பது காகிதம். தபாலில் வரும். விற்கும்போது கையெழுத்து சற்றே கோணினாலும் போன தபாலிலேயே திரும்பி வரும். என் சான்றிதழ் ஒன்று வழியில் தொலைந்துபோய், நகல் வாங்கப் பதினொரு மாதம் எழுதிக்கொண்டே இருந்தேன்.

1996இல் டெபாசிட்டரி, அதாவது பங்குப் பெட்டகச் சட்டம் வந்தது. என்.எஸ்.டி.எல். அதே ஆண்டிலும் சி.டி.எஸ்.எல். 1999இலும் தொடங்கின. இன்று நீ வாங்கும் பங்கு இந்த இரண்டு பெட்டகங்களில் ஒன்றில் உன் பெயரில் மின்பதிவாக இருக்கும். அதுதான் டீமேட் கணக்கு. உன் தொழில் மொழியில் சொன்னால், காய் மூட்டை இருக்கும் கிடங்கு டீமேட், ஏலத்தில் உனக்காக விலை கேட்கிறவர் தரகர், பணம் வந்துபோகும் இடம் வங்கி. மூன்றும் வேறு வேறு. பான் அட்டை, ஆதாரோடு இணைந்த கைப்பேசி எண், வங்கிக் கணக்கு, கையெழுத்து இருந்தால் ஓரிரு நாளில் கணக்கு திறந்துவிடலாம். இன்று வாங்கினால் அடுத்த வேலைநாளில் பங்கு உன் கணக்கில் ஏறிவிடும். 2023 ஜனவரி முதல் எல்லாப் பங்குகளுக்கும் இந்த நடைமுறைதான்.

எனவே தரகர் நொடித்துப்போனாலும் கிடங்கில் உள்ள சரக்கு உன்னுடையது. அதற்காகக் கவலையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஐதராபாத்தைச் சேர்ந்த கார்வி நிறுவனம் வாடிக்கையாளர்களின் பங்குகளைத் தன் கடனுக்காக அடகு வைத்திருந்ததைக் கண்டு 2019 நவம்பரில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி அதற்குத் தடை விதித்தது. வாடிக்கையாளர்கள் யோசிக்காமல் எழுதிக்கொடுத்த அதிகாரப் பத்திரம்தான் அதற்குக் கதவு திறந்துவிட்டது. விதிகள் பிறகு இறுகின. ஆனாலும் பெட்டகத்திலிருந்து மின்னஞ்சலில் வரும் கணக்கு அறிக்கையைத் திறந்து பார்க்கும் பழக்கம் வேண்டும். தரகரின் செயலி காட்டுவதும் அந்த அறிக்கை காட்டுவதும் ஒத்துப்போக வேண்டும். கணக்கு தொடங்கும் அன்றே நியமனதாரர் (நாமினி) பெயரையும் எழுதிவிடு. பலர் அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

வண்டன்மேட்டு அக்கா | திங்கள், பகல் 1.20

ஐயா கிடங்கைப் பற்றி நன்றாகச் சொன்னார். தம்பி, நான் கேட்பது வேறு. இந்த இரண்டு லட்சம் உனக்கு எப்போது திரும்ப வேண்டும்? அதைச் சொல்லாமல் பங்கா, கடன் பத்திரமா, பொன்னா என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

நான் தோட்டக் கணக்கு பார்க்கிறவள். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் காய் விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது உனக்கு நினைவிருக்கும். 2018 வெள்ளத்தில் செடி அழுகியது, அடுத்த கோடையில் மீதி கருகியது. காய் இல்லாததால்தான் அந்த விலை. அந்த மாதம் யார் கையில் சரக்கு இருந்தது என்று பேரேட்டைப் புரட்டிப் பார்த்தேன். சனிக்கிழமைக் கூலிக்குப் பணம் இல்லாதவர்கள் எல்லோரும் மாதக்கணக்கில் முன்பே விற்றுவிட்டார்கள். கூலியை வேறு வருமானத்தில் கொடுக்க முடிந்த நான்கைந்து பேரிடம்தான் மூட்டை இருந்தது. கெட்டிக்காரர்கள் என்று ஊர் அவர்களைச் சொன்னது. அவர்கள் கெட்டிக்காரர்கள் இல்லை, அவர்களுக்கு அவசரம் இல்லை. அதே நான்கைந்து பேரில் இருவர் பத்தாயிரம் வரும் என்று காத்திருந்தார்கள். 2022இல் விலை ஆயிரத்துக்கும் கீழே கிடந்தது. இன்னொருவர் 7,000 நிலைக்கும் என்று நம்பிக் கடன் வாங்கி நிலம் வாங்கினார். அவரைப் பற்றி இங்கே எழுத வேண்டாம்.

பங்கிலும் இதேதான். 2020 மார்ச் 23 அன்று ஒரே நாளில் மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 3,934 புள்ளி, அதாவது 13 சதவீதம் விழுந்து 25,981இல் நின்றது. அந்த ஆண்டு முடிவில் 47,000ஐத் தாண்டியிருந்தது. ஏப்ரலில் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியவன் மார்ச்சிலேயே விற்றிருப்பான். அடுத்த டிசம்பரைப் பற்றி அவனுக்கு என்ன?

எனவே ஆறு மாதக் குடும்பச் செலவு, ஒரு பறிப்பு வரைக்குமான கூலி, வீட்டில் யாருக்காவது கல்யாணம் இருந்தால் அதற்கான தொகை, இவை வங்கியில் இருக்கட்டும். அல்லது கே.எஸ்.எஃப்.இ. சிட்டியில் (சீட்டில்) இருக்கட்டும், அது 1969 முதல் கேரள அரசே நடத்துவது. மிஞ்சுவதைப் பற்றி மட்டும் இங்கே பேசுவோம்.

பாலக்காட்டுக் கணக்கர் | திங்கள், மாலை 4.45

அக்கா சொன்னதில் ஓர் ஓட்டை. காத்திருந்தால் ஏறிவிடும் என்பது எல்லா இடத்திலும் எல்லாக் காலத்திலும் நடப்பதில்லை. ஜப்பானின் பங்குக் குறியீடான நிக்கேய் 1989 முடிவில் தொட்ட உச்சத்தைத் திரும்பத் தாண்டியது 2024 பிப்ரவரியில். முப்பத்து நான்கு ஆண்டு! இங்கேயும் 2008 ஜனவரியில் 21,000க்கு மேல் இருந்த சென்செக்ஸ் 2009 மார்ச்சில் 8,200ஐ ஒட்டி வந்தது. மீண்டும் 21,000ஐத் தொட 2010 நவம்பர் ஆனது. நமக்கு விரைவாக மீண்டது என்பதை எப்போதும் அப்படியே மீளும் என்று படிக்கக் கூடாது.

வண்டன்மேட்டு அக்கா | திங்கள், மாலை 5.30

ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் மிஞ்சுவது என்றேன். இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மிஞ்சுவதையும் ஒரே நாளில் போட வேண்டாம். உச்சத்தில் மொத்தமாகப் போட்டவனுக்குத்தான் அந்த முப்பத்து நான்கு ஆண்டு. மாதாமாதம் போட்டவன் பள்ளத்திலும் வாங்கியிருப்பான்.

குமுளி ஜீப் | திங்கள், இரவு 11.15

இரண்டே வரி எழுதி ஒதுங்கியவனைத் திரும்ப இழுக்கிறீர்கள். சூதாட்டமா என்று தம்பி கேட்டான். யாரும் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன், ஆடிவிட்டு வந்தவன் என்ற தகுதியில்.

விடியற்காலை நான்கு மணிக்குக் கம்பத்தில் ஆட்களை ஏற்றி மலைத் தோட்டங்களில் இறக்கிவிட்டால் மாலை வரை எனக்கு வேலை இல்லை. கையில் கைப்பேசி. ஒரு நண்பன் ஆப்ஷன் காட்டிக் கொடுத்தான், குறித்த கெடுவுக்குள் விலை ஏறுமா இறங்குமா என்று பணம் கட்டுவது. முதல் வாரம் 6,000 வந்தது. டீசல் போட்டது போக மாதம் முழுக்க ஓட்டினாலும் நிற்காத பணம். இரண்டாவது மாதம் மனைவியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. நான்கு மாதத்தில் 1,40,000 ரூபாய் போயிற்று. சங்கிலியை மீட்க ஒன்றரை வருடம். ஆட்களோடு கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போதும் மனசு அந்த வியாழக்கிழமைக் கெடுவிலேயே இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

பிறகு செபியின் ஆய்வைப் பற்றிப் படித்தேன். 2021-22 முதல் 2023-24 வரை மூன்று ஆண்டுகளில் எஃப் அண்ட் ஓ, அதாவது ஃபியூச்சர், ஆப்ஷன் வியாபாரத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். படித்ததும் ஒரு அற்ப ஆறுதல், நான் தனியாள் இல்லை என்று.

கம்பம் திராட்சை | செவ்வாய், காலை 6.00

ஜீப்காரரே, இதை எழுத மனம் வந்ததே பெரிது.

தம்பி, வேறுபாட்டைக் கவனி. ஆப்ஷனில் ஒருவன் பெறுவது இன்னொருவன் இழப்பது, நடுவே தரகும் வரியும். பங்கு என்பது ஓடுகிற ஒரு தொழிலில் துண்டு. அந்தத் தொழில் டயரோ சோப்போ விற்று லாபம் பார்க்கிறது, கொஞ்சத்தை ஈவுத்தொகையாகத் தருகிறது, மீதியில் இன்னொரு ஆலை கட்டுகிறது. உன் காய் மூட்டை ஸ்டோரில் கிடந்தால் பச்சை நிறம்தான் மங்கும், ஒரு காய்கூடக் குட்டி போடாது. உன் அப்பாவின் கேள்விக்கும் இதுதான் பதில். அவர் கண்ணால் பார்க்க வேண்டிய சரக்கு அந்தத் தொழில்தான். ஆண்டறிக்கையில் கடன் எவ்வளவு, லாபம் எவ்வளவு, அந்த லாபம் கையில் பணமாக வந்ததா என்று பார்க்கலாம். அதைப் பார்க்காமல் வாங்கினால் அப்பா சொன்னதே சரி. பார்த்தாலும் ஏமாறலாம். சத்யம் நிறுவனத்தின் கணக்கே பொய் என்று 2009 ஜனவரியில் அதன் தலைவரே எழுதிக்கொடுத்தார். அதனால்தான் ஒரே பங்கில் எல்லாவற்றையும் போடாதே என்கிறார்கள்.

பன்னிரண்டு ரூபாய், ஆயிரத்து இருநூறு ரூபாய்க் கேள்வி. இது எல்லோரும் விழும் குழி, நானும் விழுந்தேன். நம் பக்கத்து ரப்பரை வாங்கும் எம்.ஆர்.எஃப். பங்கை எடுத்துக்கொள். 2023 ஜூனில் ஒரு பங்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. "யார் வாங்குவார்கள்?" என்று கேட்டார்கள். அந்த நிறுவனத்தின் மொத்தப் பங்குகள் சுமார் 42.4 லட்சம்தான். ஒரு லட்சத்தால் பெருக்கினால் 42,400 கோடி. இன்னொரு நிறுவனத்தின் பங்கு பத்து ரூபாய், ஆனால் 5,000 கோடி பங்குகள் என்று வைத்துக்கொள். மொத்தம் 50,000 கோடி. எது விலை அதிகம்? பத்து ரூபாய்க்காரன்தான். தேங்காயை இரண்டாக உடைத்து விற்றாலும் இருபது சில்லாகப் போட்டு விற்றாலும் தேங்காய் ஒன்றுதான். சில்லின் விலையைப் பார்க்காதே, தேங்காயைப் பார், உள்ளே பருப்பு இருக்கிறதா என்றும் பார்.

நான் விழுந்த குழி ஆறு ரூபாய்ப் பங்கு. பத்தாயிரம் பங்கு. விலை இறங்கத் தொடங்கியதும் தினமும் காலை 9.15க்குச் சந்தை திறந்ததுமே, ஒரு நாளில் இறங்க விடும் கீழ் வரம்பில் பூட்டிக்கொண்டது. விற்க ஆயிரம் பேர், வாங்க ஒருவரும் இல்லை. மூன்று வாரம் கழித்து விற்க முடிந்தபோது கிடைத்தது ஒரு ரூபாய் எண்பது காசு.

போடிமெட்டுக் காற்று | செவ்வாய், இரவு 8.50

எல்லோருக்கும் நன்றி. தேங்காய்க் கணக்கை அப்பாவிடம் சொன்னேன். சிரித்தார், ஒப்புக்கொள்ளவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், வெட்கத்தில் மறைத்துவிட்டேன். மூன்று வாரத்துக்கு முன் என்னை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தார்கள். தினமும் பங்குக் குறிப்பு, லாபம் பார்த்தவர்களின் படங்கள். அவர்கள் அனுப்பிய இணைப்பில் செயலியை இறக்கி, சொன்ன கணக்குக்கு 10,000 ரூபாய் அனுப்பினேன். இப்போது செயலியில் 14,300 என்று காட்டுகிறது. எடுக்கப் போனால் முதலில் 2,800 ரூபாய் வரி கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

குமுளி ஜீப் | செவ்வாய், இரவு 8.53

கட்டாதே. ஒரு பைசா கட்டாதே.

பாலக்காட்டுக் கணக்கர் | செவ்வாய், இரவு 8.58

இப்போதே 1930 என்ற எண்ணுக்கு அழைத்துச் சொல். இணையக் குற்றங்களுக்கான உதவி எண் அது. பணம் அனுப்பிய ரசீது, எதிர்க் கணக்கின் எண், குழுவின் படங்கள் எதையும் அழிக்காதே. உன் வங்கிக்கும் எழுத்தில் தெரிவி. மூன்று வாரம் ஆகிவிட்டதால் பணம் திரும்பும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. இருந்தாலும் புகார் பதிவாக வேண்டும்.

அது பொய் என்பதற்கு அந்த "வரி"யே சாட்சி. இந்தியாவில் வசிப்பவர் பங்கை விற்றால் தரகர் லாப வரியைப் பிடிப்பதும் இல்லை, முன்கூட்டிக் கேட்பதும் இல்லை. நாமே வருமான வரிக் கணக்கில் காட்டிக் கட்டுகிறோம். செயலியில் தெரிந்த 14,300 வெறும் எழுத்து. அந்தப் பணத்தில் யாரும் எந்தப் பங்கும் வாங்கவில்லை.

வண்டன்மேட்டு அக்கா | செவ்வாய், இரவு 9.20

தம்பி, வெட்கப்படாதே. எங்கள் தோட்டத்தில் படித்த ஒருவர் இதைப்போல இருபது மடங்கு அனுப்பிவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்தார். இனிமேல் ஆலோசனை சொல்கிறவர் யாராக இருந்தாலும் செபி பதிவு எண்ணைக் கேள், செபியின் தளத்தில் அந்த எண்ணைத் தேடிப் பார். பதிவு பெற்றவர்கூட நிச்சய லாபம் என்று வாக்குத் தரக் கூடாது. தந்தால் அங்கேயே எழுந்து வந்துவிடு.

செங்கோட்டைத் தூறல் | புதன், காலை 10.15

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். தாத்தா புனலூர்ப் பக்கம் வேலை பார்த்தவர். அவருடைய தகரப் பெட்டியில் ஒரு கம்பெனியின் காகிதப் பங்குச் சான்றிதழ் 50 பங்குக்கு இருக்கிறது. தாத்தா இறந்து பதினான்கு ஆண்டு. இது செல்லுமா, குப்பையா?

கம்பம் திராட்சை | புதன், காலை 11.40

குப்பையில் போட்டுவிடாதீர்கள்! கம்பெனி உயிரோடு இருக்கிறதா, பெயர் மாறியதா, வேறொன்றோடு இணைந்ததா என்று முதலில் பாருங்கள். இடையில் போனஸ் பங்கும் பிரிப்பும் நடந்திருந்தால் ஐம்பது இன்று ஐந்நூறாகவும் இருக்கலாம். 2019 ஏப்ரல் முதல் காகிதப் பங்கைக் காகிதமாகவே இன்னொருவருக்கு விற்க முடியாது. வாரிசு என்ற முறையில் கம்பெனியின் பங்குப் பதிவேட்டைப் பார்க்கும் பதிவாளரிடம் இறப்புச் சான்றிதழ், வாரிசு ஆவணங்கள் கொடுத்து உங்கள் டீமேட் கணக்கில் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஏழு ஆண்டு தொடர்ந்து ஈவுத்தொகையை யாரும் வாங்காமல் இருந்திருந்தால் பங்கே மத்திய அரசின் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போயிருக்கும். அங்கிருந்தும் மீட்கலாம், பொறுமை வேண்டும்.

பாலக்காட்டுக் கணக்கர் | புதன், பிற்பகல் 2.30

தம்பி கேட்ட வரிக் கணக்கு பாக்கி இருக்கிறது. ஒரு வருடத்துக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம். ஒரு வருடம் தாண்டினால், நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரையிலான லாபத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். 2024 ஜூலை 23 முதல் இப்படி. நீண்ட கால லாபம் 1,60,000 என்றால் 35,000க்கு மட்டும் 4,375, அதன் மேல் 4 சதவீதம் செஸ், ஆக 4,550 ரூபாய். ஈவுத்தொகை உன் மற்ற வருமானத்தோடு சேரும். வாங்கும்போதும் விற்கும்போதும் மதிப்பில் 0.1 சதவீதம் பரிவர்த்தனை வரி உண்டு. "தரகே இல்லை" என்று விளம்பரம் செய்கிற இடத்திலும் இது உண்டு, விற்கும் நாளில் பெட்டகக் கட்டணமும் உண்டு. நூறு ரூபாய்ப் பங்கை வாங்கி விற்று விளையாடினால் அந்தக் கட்டணமே லாபத்தைத் தின்றுவிடும்.

என் சொந்தக் கருத்து: ஆண்டறிக்கை படிக்கப் பொறுமை வரும்வரை நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டு போதும். ஐம்பது பெரிய நிறுவனங்களும் ஒரே பையில் கிடைக்கும். முகவர் இல்லாமல் வாங்கும் நேரடித் திட்டங்கள் பலவற்றில் செலவு நூறு ரூபாய்க்கு வருடம் கால் ரூபாயைச் சுற்றித்தான். டீமேட் கணக்குகூட இல்லாமல் தொடங்கலாம். சுவாரஸ்யம் இருக்காது. சுவாரஸ்யம் வேண்டுமென்றால் ஜீப்காரரைக் கேள்.

குமுளி ஜீப் | புதன், மாலை 6.05

கணக்கரே, உங்கள் ஊருக்கு நான் ஆள் ஏற்றி வரும்போது கவனித்துக்கொள்கிறேன்.

போடிமெட்டுக் காற்று | பத்து நாள் கழித்து, ஞாயிறு, இரவு 9.10

1930இல் புகார் பதிந்தேன். வங்கியிலும் கடிதம் கொடுத்தேன். பணம் வரவில்லை. அந்தக் குழுவில் இருந்து என்னை நீக்கிவிட்டார்கள், அதற்கு முன்பே எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

மீதி ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரத்தை அப்பாவோடு உட்கார்ந்து பிரித்தோம். படுதாக்குளத்துக்கு எழுபதாயிரம் (ஜீப் அண்ணன் சொன்னதுதான்). கூலிக்கும் வீட்டுக்கும் எண்பத்தைந்தாயிரம் வங்கியில். மீதி முப்பத்தைந்தாயிரத்தில் மாதம் மூவாயிரம் இண்டெக்ஸ் ஃபண்டுக்குப் போகும், தை மாதத்துக்குப் பிறகு காய்ப் பணம் வந்தால் கூட்டலாம். டீமேட் கணக்கும் திறந்தேன். அம்மாவை நியமனதாரராகப் போட்டேன். ஒரே ஒரு பங்கு, ரப்பர் சம்பந்தப்பட்ட சின்னக் கம்பெனி, ஆண்டறிக்கை படித்துப் பழகுவதற்காக வாங்கினேன். நான்கு ரூபாய் இறங்கியிருக்கிறது. தினமும் நான் கடையடைத்து வந்ததும் அப்பா "நம் சரக்கு இன்றைக்கு என்ன விலை?" என்று கேட்கிறார். ஏலத்தில் அன்றைய காய் விலையைக் கேட்கும் அதே குரல்.

செங்கோட்டைத் தூறல் | ஞாயிறு, இரவு 9.45

கம்பம் ஐயா, கம்பெனி உயிரோடுதான் இருக்கிறது, பெயர் மட்டும் மாறியிருக்கிறது. பதிவாளர் பதில் எழுதியிருக்கிறார். சான்றிதழில் தாத்தா பெயருக்கு முன்னால் ஒரு இனிஷியல், இறப்புச் சான்றிதழில் இரண்டு. இதற்கு என்ன செய்வது?

கம்பம் திராட்சை | திங்கள், காலை 6.05

இரண்டும் ஒருவரே என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் கேட்பார்கள், கூடவே பழைய ரேஷன் அட்டையோ ஓய்வூதியப் புத்தகமோ இருந்தால் நல்லது. அந்தத் தகரப் பெட்டியை இன்னொரு முறை கிளறுங்கள். தனி இழையாகத் தொடங்கினால் விவரமாக எழுதுகிறேன், இங்கே தம்பியின் தேங்காய் ஏற்கெனவே நிறையச் சில்லாகிவிட்டது.